ஒயர்மேன் வீட்டு விளக்கை நான் அணைத்த கதை

அலமாரியைத் திறந்தால் மேல் தட்டில் ஒரு கறுப்புக் கோட்டும் அதன் பையில் ஏழெட்டுச் சிவப்புப் பேனாக்களும் இருக்கும். இரண்டும் நான் உங்களுக்கு விட்டுப்போகும் சொத்து. கோட்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பேனாக்களைப் பற்றித்தான் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

புதுச்சேரி சாரத்தில் இந்த மாடியறையில் நாம் செய்யும் வேலை பெரிய ரகசியமில்லை. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, நாட்டின் பெரிய பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க வைக்கிறோம். மதிப்பெண் மட்டும் அங்கே போதாது. தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும், பிறகு வீடியோவில் நேர்முகம். தேறிவிட்டால் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. எந்தப் படிவத்தை எப்போது நிரப்புவது என்பதையெல்லாம் கணினி தெரிந்த உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: இந்த வேலையில் எப்படியெல்லாம் சொதப்பலாம் என்பது. அதில் எனக்கு நல்ல அனுபவம்.

இருபத்தொன்பது வருஷம் ஆங்கிலம் நடத்தியவன் நான். என் கைக்கு வரும் எந்தக் காகிதத்திலும் திருத்துவதற்கு ஏதாவது இருக்கும் என்பது என் நம்பிக்கை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடப் பிழைகளைச் சுழித்த பிறகுதான் எந்த மண்டபம் என்று பார்ப்பேன். என் மனைவி மளிகைச் சீட்டை என்னிடம் காட்டுவதை நிறுத்திப் பல காலமாகிறது. ஓய்வு பெற்ற மறுவாரமே இந்த மையத்தில் வந்து உட்கார்ந்தேன். சேவை மனப்பான்மை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். திருத்த ஆள் கிடைக்காமல் தவித்தேன் என்பது என் மனைவியின் கருத்து.

முதல் வருஷம் மீனவர் குப்பத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அவன் வீட்டுக்கு நிஜமாகவே அப்போது மின் இணைப்பு வந்திருக்கவில்லை. ‘வீட்டில் கரண்ட் இல்லை, அதனால் இருட்டுவதற்குள் படித்து முடித்துவிடுவேன்’ என்று கட்டுரையில் சாதாரணமாக எழுதியிருந்தான். எனக்குக் கை அரித்தது. அதை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: ‘எங்கள் வீட்டில் விளக்கு இல்லை, ஆனால் எனக்குள் ஒன்று எரிந்துகொண்டிருந்தது.’ ஆங்கிலத்தில் இது இன்னும் கம்பீரமாக இருக்கும். எழுதி முடித்ததும் எழுந்து நின்று ஒருமுறை வாய்விட்டு வாசித்தேன்.

அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. நேர்முகத்தில் வலை பின்னுவதைப் பற்றியே முக்கால்வாசி நேரம் கேட்டார்கள் என்று அவன் சொன்னதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. என் வாக்கியம்தான் அவனை ஜெயிக்க வைத்தது என்று முடிவே கட்டிவிட்டேன். அடுத்து வந்த பிள்ளைகளின் கட்டுரைகளிலெல்லாம் எந்த வலிக்கும் ஒரே தைலத்தைத் தடவுகிற மாதிரி அதைத் தடவ ஆரம்பித்தேன். ஒருவருக்கு ‘இல்லை’ என்பதை ‘இருந்ததில்லை’ என்று மாற்றுவேன், இன்னொருவருக்குக் காற்புள்ளியை எடுத்துவிடுவேன். அதையே பெரிய தந்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மையத்தில் என்னோடு ஒரு கணக்கு டீச்சர் இருந்தார். அவரும் ஓய்வு பெற்றவர்தான், ஆனால் கண் திறந்திருந்தது. ஒருநாள் நான் திருத்திய கட்டுரைக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சார், புள்ளைங்க காலேஜ்ல சேர அப்ளை பண்ற மாதிரி தெரியல. புள்ளைங்க பேர்ல நீங்கதான் அப்ளை பண்றீங்க” என்றார். கணக்கு டீச்சருக்கு மொழி நயம் எங்கே தெரியும் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன்.

மூன்றாம் வருஷம் ஜீவிதா வந்தாள். இங்கிருந்து நாலு தெரு தள்ளி வீடு. பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைச் சொல்லி, “அங்கதான் சார் நான் படிக்கணும். அங்க பழைய ஊருங்க, கட்டடங்க பத்தி ஒரு படிப்பு இருக்கு” என்றாள். அது கிடைக்காவிட்டால்? “வேற எதுவும் பாத்து வைக்கல சார். அத்தை மகனுக்குக் கட்டிக் குடுத்துடலாம்னு சொந்தத்துல பேசறாங்க. அப்பா மட்டும்தான் இந்த ரிசல்ட் வர வரைக்கும் யாரும் பேசக்கூடாதுன்னு நிறுத்தி வச்சிருக்காரு.” இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதனால் எனக்கும் உறைக்கவில்லை.

கையெழுத்தில் நாலு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த ஒயிட் டவுனில் ஒரு பழைய வீடு. அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்து, நடுக்கூடத்தில் சுவர் எழுப்பிக்கொண்ட வீடு. ஒரு பக்கத்தில் பியூஸ் கட்டையைப் பிடுங்கினால் மறுபக்கத்தில் மின்விசிறி நிற்கிறது. இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், ஆனால் ஒருவர் வீட்டில் பியூஸ் போனால் இன்னொருவர் வீட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இவள் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய், ஒவ்வொரு கட்டையாகப் பிடுங்கிப் பார்த்து, அந்த வீடு சுவருக்கு முன் எப்படி இருந்தது என்று ஒரு படம் வரைந்திருக்கிறாள். எது சமையலறையாக இருந்தது, எந்த வாசலை அடைத்தார்கள் என்பதெல்லாம் கம்பி போன வழியிலேயே தெரிந்ததாம். கடைசி வரி இது: ‘வீட்டைப் பிரித்தார்கள், கம்பியைப் பிரிக்கவில்லை.’

இப்போது இதை எழுதும்போதே எனக்கு உடம்பு கூசுகிறது. அன்றைக்கு நான் அந்த நாலு பக்கத்திலும் குறுக்காகச் சிவப்புக் கோடு இழுத்தேன். ஓரத்தில் ‘தேவையற்றது’ என்று எழுதினேன். அதோடு விட்டேனா? ‘சுவிட்ச் போர்டைப் பற்றி யார் படிப்பார்கள்?’ என்று கேள்வியும் கேட்டு, அந்தக் கடைசி வரியைத் தனியாகச் சுழித்து, ‘பொருள் விளங்கவில்லை’ என்று வேறு போட்டேன். பழைய வீட்டுக்குள் இவள் எப்படிப் போனாள், எதற்குப் போனாள் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. புதுக் கட்டுரையை நானே சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். விளக்கு வாக்கியம் வந்த இடத்தில் அவள் பேனாவை நிறுத்தினாள்.

“சார், எங்க வீட்ல லைட்டு இருக்கே.”

“அது தெரியும்மா. இது இலக்கியம்.”

“இலக்கியத்துல கரண்ட் இருக்காதா சார்?”

எதிர்க் கேள்வி கேட்கிற பிள்ளை நேர்முகத்தில் நன்றாகப் பேசும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேனே தவிர, கேள்வியைக் குறித்துக்கொள்ளவில்லை.

நேர்முகம் இந்த அறையில்தான் நடந்தது. நம் மையத்திலிருந்து மூன்று பேர், ஒரே நாள், ஒரே குழு. முதலில் கதிர்காமத்துப் பையன், அடுத்து கோரிமேட்டிலிருந்து ஒரு பெண், மூன்றாவதாக ஜீவிதா. மூன்று பேருக்கும் அந்த ஒரே கறுப்புக் கோட்டு. ஒருவர் கழற்ற, சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் மாட்டிக்கொள்ள வேண்டும். நான் கேமராவில் படாத மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஏதாவது தடுமாறினால் வாயசைத்துச் சொல்லித்தரலாம் என்ற நல்லெண்ணம்.

திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த கண்ணாடி போட்ட அம்மா சிரித்த முகத்தோடுதான் ஆரம்பித்தார். “இன்று காலையிலிருந்து ஒரே கோட்டைப் பார்க்கிறோம், அது பரவாயில்லை, கோட்டைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரே வாக்கியத்தையும் மூன்று கட்டுரைகளில் பார்க்கிறோம். உன் வீட்டில் விளக்கு இல்லை என்று எழுதியிருக்கிறாய். அது நீ எழுதியதா?”

ஜீவிதா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வாயசைத்துச் சொல்லித்தருவதற்காக வந்து உட்கார்ந்தவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

“நான் எழுதல மேடம்” என்றாள் ஆங்கிலத்தில், தெளிவாக. “யார் எழுதினாங்கன்னு கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்.”

அதோடு நேர்முகம் முடிந்தது. அன்று மாலையே மின்னஞ்சல் வந்துவிட்டது. மூன்று விண்ணப்பங்களும் நிறுத்திவைப்பு. இரண்டு நாளில் மையமும் மாணவர்களும் விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் நிராகரிப்பு.

இனி நான் செய்ததைக் கவனமாகப் படியுங்கள். நெருக்கடியில் என் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்று தெரியும். அரை மணி நேரத்தில் ஒரு கடிதம் தயாரித்தேன். அந்த வாக்கியம் எங்கள் வட்டாரத்தில் வழிவழியாக வழங்கும் ஒரு பழமொழி என்றும், பிள்ளைகள் மூவரும் தற்செயலாக அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்றும் எழுதினேன். புதுச்சேரி மக்களுக்கு ஒரு புதுப் பழமொழியையே தானமாகக் கொடுத்துவிட்டேன். எழுதியதும் எழுந்து நின்று ஒருமுறை வாசிக்கவும் செய்தேன். மாணவர்கள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மறுநாள் சாயங்காலம் முதலில் ஜீவிதா வீட்டுக்குப் போனேன். மூன்று வருஷத்தில் ஒரு பிள்ளையின் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை.

வாசற்படியில் கால் வைத்ததும் தலைக்கு மேல் தானாக ஒரு விளக்கு எரிந்தது. கதவைத் திறந்தவர் அவள் அப்பா, ஏழுமலை. சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருந்தது. “வாங்க சார், வாங்க. இப்பதான் வேலைய விட்டு வந்தேன்” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மில்லில் வேலை பார்த்தவரின் மகன். மில் மூடிய பிறகு ஒயரிங் கற்றுக்கொண்டாராம். ஏணிக்குக் கீழே நின்று சாமான் எடுத்துக் கொடுக்க மகளையும் கூட்டிப் போவாராம். “சாரத்துல பாதி வூடு நம்ம கைதான் சார். ஒயிட் டவுன்லயும் பழைய வூடுன்னா நம்மளதான் கூப்புடுவாங்க.”

எனக்கு அப்போதே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. உட்கார்ந்திருப்பது ஒயர்மேன் வீட்டில்; இந்த வீட்டில் விளக்கே இல்லை என்று உலகத்துக்கு அறிவித்தவன் நான்தான்.

விஷயம் என்னவென்று அவர் கேட்டார். நான் சுற்றி வளைத்தேன். அவர் மகளைப் பார்த்தார். ஜீவிதா கட்டுரையை எடுத்து அந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னாள். அவர் எழுந்துபோய்ச் சுவிட்ச் போர்டில் ஒவ்வொன்றாகத் தட்டினார். கூடத்து ட்யூப் லைட், சமையலறை பல்பு, மாடிப்படி விளக்கு, சாமி மாடத்துச் சின்ன விளக்கு. வீடு முழுக்க வெளிச்சமானது.

“இதுல எது சார் இல்ல?”

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவருக்கு வருத்தம். அது முகத்தில் அப்படியே தெரிந்தது.

“நீங்க படிச்சவங்க. உங்கள நான் ஒண்ணும் சொல்ல வரல. ஆனா நான் ஒரு வூட்டுக்கு உள்ள போயி பாக்காம லைன் இழுக்க மாட்டேன் சார். வெளியிலேந்து பாத்தா எந்த வூட்டுக்கு இன்னா வேணும்னு தெரியாது.”

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் பழைய புத்தி போகவில்லை. பையிலிருந்து அந்தப் பழமொழிக் கடிதத்தை எடுத்து ஜீவிதாவிடம் நீட்டினேன். அவள் நின்றபடியே படித்தாள், மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

“போடலன்னா சீட்டு போயிடும்மா.”

“போட்டு கெடச்சாலும் அங்க போயி எத்தினி நாளுக்கு வீட்ல லைட்டு இல்லாத மாதிரியே பேசறது?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வரும்போது கையில் அந்த நாலு பக்கம். “இத அனுப்பலாம் சார். நான் மொதல்ல எழுதினது.”

சிவப்புக் கோடுகள், சுழிகள், ‘தேவையற்றது’, ‘யார் படிப்பார்கள்?’ எல்லாம் பளிச்சென்று இருந்தன. அந்த வீட்டில்தான் விளக்குக்குப் பஞ்சமில்லையே. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஓரத்த மட்டும் மடிச்சு வச்சு போட்டோ எடுத்தா நல்லா இருக்கும்” என்றேன். ஆமாம், அந்த நிலையிலும் கேட்டேன்.

“மடிச்சுட்டா இப்ப புதுசா எழுதினதுன்னு நெனப்பாங்க சார். உங்க சிவப்பு மைதான் சாட்சி.”

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுச் சொன்னாள். இருபத்தொன்பது வருஷத்தில் என் சிவப்பு மையால் ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே உபயோகம் வந்தது அந்த ஒருமுறைதான் என்று இப்போது தோன்றுகிறது.

பழமொழிக் கடிதத்தை அங்கேயே கிழித்தேன். கணக்கு டீச்சரைப் போனில் கூப்பிட்டேன். “வாங்க, வந்து எழுதுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்” என்றார். மூன்றே வரி எழுதினேன்: அந்த வாக்கியத்தை எழுதியவன் நான், மூன்று பேர் கட்டுரையிலும் வைத்தவன் நான், பிள்ளைகள் மீது தவறில்லை. நாலாவது வரியாக என் சேவை மனப்பான்மையைப் பற்றி ஒன்று சேர்த்தேன். டீச்சர் என் பையிலிருந்தே ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து அதை அடித்தார். மூன்று பிள்ளைகளின் முதல் பிரதிகளையும் இணைத்து அனுப்பினோம். நல்லவேளை, மற்ற இருவரும் தங்களுடையதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள்.

பதில் வந்தது. மூவருக்கும் மறுபடி நேர்முகம் தருகிறோம், அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்றார்கள். இனி என் கையெழுத்தோடு வரும் எந்தப் பரிந்துரையையும் ஏற்க மாட்டோம் என்றும் மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அதில் ஒரு பிழைகூட இல்லை, பார்த்துவிட்டேன்.

மறு நேர்முகம் நடந்த அன்று நான் கீழே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஜீவிதாவின் முறை வந்தபோது ஏழுமலையும் வேலையிலிருந்து அப்படியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் டீ ஆறிப்போனது. அரை மணி நேரம் என்று சொன்னது ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. அவள் கோட்டு இல்லாமல் பள்ளிச் சீருடையோடு படி இறங்கி வந்தாள்.

“என்னம்மா கேட்டாங்க?”

“அந்த வூட்டப் பத்திதான் சார். படத்தக் காட்டுன்னாங்க. காட்டினேன்.”

“அந்தக் கடைசி வரியப் பத்தி?”

“அதத்தான் சார் மொதல்ல கேட்டாங்க.”

அவளுக்கு இடம் கிடைத்தது. இப்போது அங்கே இரண்டாம் வருஷம். கோரிமேட்டுப் பெண்ணுக்கு வேறொரு பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. கதிர்காமத்துப் பையனுக்குக் கிடைக்கவில்லை. என்னால்தான் போயிற்றா, எப்படியும் போயிருக்குமா, தெரியாது. அவன் இங்கேயே ஒரு கல்லூரியில் படிக்கிறான். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, “நல்லா இருக்கீங்களா சார்?” என்று கேட்கிறான். அவன் அப்படிக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வலிக்கிறது. இந்தக் கதையை நான் சிரித்துக்கொண்டே சொல்வதாக நீங்கள் நினைத்தால், அந்த இடத்தில் மட்டும் சிரிப்பு வருவதில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்துக்குப் புறப்படுவதற்கு முந்தின வாரம் ஜீவிதாவும் அவள் அப்பாவும் ஏணியோடு இந்த அறைக்கு வந்தார்கள். வருஷக்கணக்காக மினுக்கிக்கொண்டிருந்த ட்யூப் லைட்டை ஏழுமலை சரி செய்தார். காசு பற்றிய பேச்சை எடுக்கவே விடவில்லை. ஜீவிதா சுவிட்ச் போர்டின் ஓரமாகச் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளை ஒட்டிக்கொண்டு வந்தாள். ‘முன் விளக்கு’, ‘பின் விளக்கு’, ‘ஃபேன்’, ‘வாசல்’. ஐந்தாவது சுவிட்சைப் போட்டால் எதுவும் எரியவில்லை, எதுவும் சுற்றவில்லை. ஏழுமலை டெஸ்டர் வைத்துப் பார்த்தார். “லைன் உள்ளாற போவுது. எங்க போவுதுன்னு தெரியல சார்” என்றார். வேண்டாத சுவிட்ச்தானே, கழற்றி எறிந்துவிடலாம் என்றேன். பழக்க தோஷம். அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவள் அதற்கும் ஒரு துண்டு எழுதி ஒட்டினாள்.

நீங்கள் உட்கார்ந்து கட்டுரை திருத்தப்போகும் மேசைக்கு நேர் எதிரே அந்தப் போர்டு இருக்கிறது. ஒரு பிள்ளை எழுதிக் கொண்டுவந்ததைக் கையில் வாங்கி, பேனா மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை நிமிர்ந்து ஐந்தாவது சுவிட்சைப் பாருங்கள். காகிதம் கொஞ்சம் மஞ்சளித்துவிட்டது, எழுத்து அப்படியே இருக்கிறது: ‘எங்க போகுதுன்னு தெரியல. தெரியிற வரைக்கும் தொடாதீங்க சார்.’